அமாவாசை இரவில் எந்தச் சொல் போய்ச் சேர வேண்டும்?

மேல்மலையனூருக்கு அமாவாசையன்று போய் வந்தவர்களுக்குத் தெரியும், ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே போனில் பேசுவது என்ன பாடு என்று. அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்காகச் செஞ்சி, திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, சென்னை என்று எல்லாப் பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் வந்து நிற்கும். மற்ற நாளில் அமைதியான ஊர். அன்றைக்கு மட்டும் கால் வைக்க இடமிருக்காது. பம்பை, உடுக்கை, ஒலிபெருக்கி, கற்பூரப் புகை. எல்லார் கையிலும் போன். மாசி மாத மயானக் கொள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூட்டத்தில் அக்காவைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு தம்பியின் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

“அக்கா, எங்கக்கா நிக்கிற?”

“... வாசல்ல நிக்கிறேன்டா. புள்ள அழுவுது, சீக்கிரம் வா.”

“எந்த வாசல்?”

“... வாசல்தான்டா!”

பிள்ளை அழுவது கேட்கிறது. ‘சீக்கிரம் வா’ கேட்கிறது. ‘வடக்கு’ என்ற ஒரே ஒரு சொல் மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கொரகொரப்புக்கூட இல்லை, சுத்தமாக வெட்டி எடுத்த மாதிரி ஒரு மௌனம். எங்கள் பக்கம் செஞ்சி. தொலைத்தொடர்பு படித்து, பல வருடமாக அந்த வேலையிலேயே இருக்கிறேன். அந்த மௌனம் எப்படி உண்டாகிறது என்று ஊர்க்காரர்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். போனே போகவில்லை, ‘நெட்வொர்க் பிஸி’ என்று வருகிறது என்றால் அது நெரிசல். டவரில் இருக்கிற இடத்தை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். போன் போகிறது, பேச்சு விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் அது இரைச்சல். பக்கத்து டவரின் அலை, நூற்றுக்கணக்கான மற்ற போன்களின் அலை, நடுவில் நிற்கிற மனித உடம்புகள், எல்லாம் சேர்ந்து நம் சிக்னலை அரித்துவிடுகின்றன. நெரிசலுக்கு மருந்து கூடுதல் டவர். இரைச்சலுக்கு மருந்து கணக்கு. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது.

நம் குரலைப் போன் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு நொடிக்கு 50 துண்டு. ஜிஎஸ்எம் என்கிற 2ஜி முறையில் முதன்முதலாக வந்த குரல் குறிமுறை ஒவ்வொரு துண்டையும் 260 பிட்டுகளாக எழுதியது. இந்த 260-ஐ அப்படியே காற்றில் அனுப்பினால் வழியில் சில பிட்டுகள் புரண்டுபோகும், 0 ஒன்றாகும், 1 பூஜ்யமாகும். அதற்காகக் கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புகிறார்கள், மறுமுனையில் அவற்றைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். ஆனால் காற்றில் கிடைக்கிற இடத்துக்கு அளவு உண்டு. ஒரு துண்டுக்கு மொத்தமே 456 பிட்டுக்குத்தான் இடம். 260 நம்முடைய சரக்கு. மீதி 196 பாதுகாப்புக்கு.

இந்த 196-ஐ எப்படிப் பங்கிடுவது?

எல்லாப் பிட்டுக்கும் சரிசமமாகப் பங்கிடுவதுதான் நியாயம் என்று தோன்றும். அப்படிச் செய்திருந்தால் 2ஜி போனில் பேச்சு இன்னும் மோசமாகத்தான் கேட்டிருக்கும். அந்த 260 பிட்டும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. சில பிட்டுகள் தொண்டையும் வாயும் அந்த நொடியில் எந்த வடிவத்தில் இருந்தன என்று சொல்பவை. சில, ஒலியின் அளவைச் சொல்பவை. ஒலியளவுக்கு ஆறு பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் தலை பிட் புரண்டால் எண் 32 தாவும், காதில் அறைந்த மாதிரி இருக்கும். கடைசிப் பிட் புரண்டால் எண் ஒன்றுதான் மாறும், யாருக்கும் தெரியாது. அதனால் தரநிலையை எழுதியவர்கள், காதுக்கு எது முக்கியம் என்ற வரிசையிலேயே 260 பிட்டுகளையும் அடுக்கி அட்டவணை போட்டார்கள். பிறகு மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள்.

தலையாய 50 பிட்டுகளுக்கு இரட்டைக் காவல். மூன்று சோதனைப் பிட்டுகள் சேர்த்து, அதற்கு மேல் ஒவ்வொரு பிட்டையும் இரண்டாக்கும் குறிமுறை. அடுத்த 132 பிட்டுகளுக்கு இரண்டாக்கும் குறிமுறை மட்டும். கடைசி 78 பிட்டுகளுக்கு ஒன்றுமே கிடையாது. துணி போர்த்தாமல் மழையில் அனுப்பிவிடுகிறார்கள், நனைந்தால் நனையட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50, சோதனைக்கு 3, பிறகு 132, குறிமுறையை முடித்து வைக்க 4, ஆக 189. இரண்டாக்கினால் 378. காவலில்லாத 78-ஐக் கூட்டினால் 456. ஒரு பிட் இடம்கூட வீணில்லை. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

எங்கள் செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. மூன்று மலைகளையும் வளைத்து வெளி மதில் ஓடுகிறது. ராஜகிரி உச்சிக்கு ஏறும்போதுதான் வாசலுக்கு மேல் வாசல் வரும், கடைசியில் பாறையில் ஒரு ஆழமான பிளவு, அதைக் கடக்க ஒரு மரப்பாலம். இருக்கிற கல்லையும் ஆளையும் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரப்பவில்லை. மொகலாயப் படை 1690-இல் முற்றுகையைத் தொடங்கியது, கோட்டை விழுந்ததோ 1698-இல்தான்.

இப்போது ‘வடக்கு’ எங்கே போனது என்று பார்ப்போம். தலையாய 50 பிட்டுகளில் திருத்த முடியாத பிழை வந்துவிட்டதென்று அந்த மூன்று சோதனைப் பிட்டுகள் சொல்லிவிட்டால், போன் அந்தத் துண்டையே தூக்கிப் போட்டுவிடும். தப்பான தொண்டை வடிவத்தில் ஒலி எழுப்பினால் காது வலிக்கும் கிறீச்சொலி வரும். அதைவிட எறிவது மேல். எறிந்த இடத்தில் முந்தைய நல்ல துண்டையே இன்னொரு முறை ஒலிக்கும். அடுத்ததும் கெட்டிருந்தால் கொஞ்சம் சன்னமாக்கி ஒலிக்கும். தொடர்ந்து கெட்டுக்கொண்டே வந்தால் 320 மில்லிநொடிக்குள் முழு மௌனம். ஒரு சின்னச் சொல்லைச் சொல்ல அரை நொடிகூட ஆகாது. அந்த அரை நொடியில் இரைச்சல் கூடிவிட்டால் சொல் முழுசாகக் காணாமல் போகும், முன்னும் பின்னும் தெளிவாகவே இருக்கும். தம்பி கேட்ட சுத்தமான மௌனம் இதுதான்.

பிறகு வந்த ஏஎம்ஆர் என்ற முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதில் குரலை எழுத எட்டு அளவுகள் உண்டு, நொடிக்கு 12.2 கிலோபிட்டிலிருந்து 4.75 கிலோபிட் வரை. சிக்னல் நன்றாக இருந்தால் குரலுக்கு அதிகம், காவலுக்குக் குறைவு. சிக்னல் கெட்டால் குரலைச் சுருக்கிக்கொண்டு, மிஞ்சிய இடத்தையெல்லாம் காவலுக்குக் கொடுத்துவிடும். குரல் கொஞ்சம் தகரம் மாதிரி ஆகும், ஆனால் சொல் போய்ச் சேரும். இங்கேயும் மூன்று வகுப்புகள்தான். 12.2 அளவில் ஒரு துண்டின் 244 பிட்டுகளில் 81 பிட்டுகள் முதல் வகுப்பு.

முக்கியமானதற்கு அதிகக் காவல் என்ற இந்தப் பாகுபாட்டின் கணித அடித்தளம் வெகு அழகானது. அதில் சென்னையில் பிறந்த ஒருவருக்குப் பங்கு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மது சூதன், 1966-இல் சென்னையில் பிறந்தவர், டெல்லி ஐஐடியில் படித்தவர், கணினி அறிவியலின் பெரிய விருதுகளில் ஒன்றான நெவான்லின்னா பரிசை 2002-இல் வாங்கியவர். 1994-இல் அல்பனீஸ், ப்ளோமர், எட்மண்ட்ஸ், லூபி ஆகிய நால்வரோடு சேர்ந்து ‘முன்னுரிமைக் குறிமுறை அனுப்புதல்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். இணையத்தில் செய்திகள் பொட்டலம் பொட்டலமாகப் போகின்றன, வழியில் சில தொலைந்துபோகும். எவை தொலையும் என்று முன்கூட்டித் தெரியாது. எந்தப் பொட்டலம் தொலைந்தாலும் முக்கியமான பகுதி மட்டும் தப்பிக்கும்படி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

விடை பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது. ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளி போதும். பரவளைவுக்கு மூன்று வேண்டும். இன்னும் வளைவு கூடக்கூடப் புள்ளிகளும் கூட வேண்டும். உங்கள் செய்தியின் உயிரான பகுதியை ஒரு நேர்கோடாக எழுதி, அதன் மேல் பத்துப் புள்ளிகளைக் குறித்து, பத்துப் பொட்டலங்களில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எட்டுப் பொட்டலம் தொலைந்தாலும் கவலையில்லை, மீந்த இரண்டு எதுவாயிருந்தாலும் கோடு கிடைத்துவிடும். சுமாரான பகுதியை ஐந்து புள்ளி கேட்கும் வளைவாக எழுதுங்கள். அலங்காரப் பகுதியை ஒன்பது புள்ளி கேட்கும் வளைவாக. ஒவ்வொரு பொட்டலத்திலும் மூன்றின் புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பெறுகிறவருக்குக் குறைவாகக் கிடைத்தால் உயிர் மட்டும் கிடைக்கும். கூடக் கிடைக்கக் கிடைக்க மற்றவையும் வந்து சேரும்.

இதற்கு விலை உண்டு, அந்த விலையைத்தான் அவர்கள் துல்லியமாகச் சொன்னார்கள். பாதிப் பொட்டலங்கள் வந்தாலே ஒரு பகுதி மீள வேண்டும் என்றால், அந்தப் பகுதி இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். கால் பங்கு வந்தாலே மீள வேண்டும் என்றால் நான்கு மடங்கு. பத்தில் ஒன்றே போதும் என்றால் பத்து மடங்கு. இதைவிட மலிவாக முடியாது என்பதற்கும் நிரூபணம் கொடுத்தார்கள். எல்லாமே முக்கியம் என்று சொல்லும் அனுப்புநருக்குக் கணக்கு சொல்லும் பதில் இதுதான்: இடம் போதாது.

இன்றைக்கு நம் கையிலிருக்கும் 4ஜி போனிலும் இதே பாகுபாடு ஓடிக்கொண்டிருக்கிறது. டவர் ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன், என் அலைவரிசை இத்தனை அகலம்’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். இதைப் படிக்க முடியாத போனுக்கு எதுவுமே கிடையாது. அந்த அறிவிப்பு வெறும் 24 பிட். பிழை கண்டுபிடிக்க 16 பிட் சேர்த்து, குறிமுறையும் திரும்பத் திரும்பச் சொல்லுதலுமாக 1,920 பிட்டுகளாக்கி, 40 மில்லிநொடியில் நாலு தவணையாக அனுப்புகிறார்கள். ஒரு தவணை நன்றாகக் கிடைத்தாலும் போதும். 24 பிட்டுக்காக 1,920. வீடியோ பார்க்கிற டேட்டாவுக்கு இவ்வளவு காவல் கொடுத்தால் யாரும் பாட்டுகூடக் கேட்க முடியாது.

டெக் கம்பெனி சமாச்சாரமெல்லாம் நமக்கெதற்கு என்கிறவர்கள், கோயில் தெருவில் தேங்காய், எலுமிச்சம்பழம், குங்குமம் விற்கிற கடைக்குப் போய் அந்த ஜிபே அட்டையை உற்றுப் பாருங்கள். கியூஆர் கட்டத்தின் மூன்று மூலையில் பெரிய சதுரக் கண்கள் இருக்கும். இடப்பக்க மேல் கண்ணை ஒட்டி, ஒரு ஓரமாக, சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாகப் போகும். அதில்தான் ‘இந்தக் கட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும்’ என்ற குறிப்பு இருக்கிறது. மொத்தம் ஐந்தே பிட். அது கெட்டால் மற்ற நூற்றுக்கணக்கான கட்டங்கள் ஒழுங்காக இருந்தும் பிரயோசனமில்லை. அதனால் ஐந்தைப் பதினைந்தாக்கியிருக்கிறார்கள். மூன்று பிட் வரை புரண்டாலும் திருத்திக்கொள்ளும். அதுவும் போதாதென்று அதே பதினைந்தை இன்னொரு தடவை, மற்ற இரண்டு கண்களின் ஓரமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். கடைக்காரரின் குங்குமம் பட்ட விரல் ஒரு மூலையை அப்பினாலும் மறுமூலை காப்பாற்றும். ஐந்தைப் பதினைந்தாக்குகிற அந்தக் குறிமுறைக்கு பிசிஎச் என்று பெயர். அதில் முதல் இரண்டெழுத்தும் இந்தியர்கள்: 1960-இல் அதை வெளியிட்ட ஆர்.சி. போஸும் டி.கே. ராய் சௌத்ரியும். கடைசி எழுத்து, ஒரு வருடம் முன்பே தனியாகக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் ஓக்கெங்கெமுடையது.

சரி, தம்பியின் கதைக்கு வருவோம். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும் ‘வடக்கு’ ஏன் தொலைந்தது? போனுக்குக் குரலில் எந்தப் பிட் முக்கியம் என்று தெரியும். பேச்சில் எந்தச் சொல் முக்கியம் என்று தெரியாது. ‘சீக்கிரம் வா’வுக்கும் ‘வடக்கு’க்கும் அது ஒரே காவல்தான் போடும். சொற்களுக்கு இடையே செய்ய வேண்டிய பாகுபாட்டை எந்தப் பொறியாளரும் உங்களுக்காகச் செய்து வைக்க முடியாது. அது பேசுகிறவர் வேலை. என் அபிப்பிராயத்தில் இந்த விஷயத்திலேயே பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கணக்கு வேலையை ஐம்பது அறுபது வருடமாக உலகமே சேர்ந்து செய்து முடித்துவிட்டது. நம் வேலையைத்தான் நாம் செய்வதில்லை.

திருவிழாவில் காணாமல் போன பிள்ளையைப் பற்றி மைக்கில் சொல்கிறவர்களைக் கவனியுங்கள். பிள்ளையின் பெயர், சட்டை நிறம், எங்கே வந்து கூட்டிப் போக வேண்டும், இந்த மூன்றை மட்டும் மூன்று தடவை, நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். மற்றதெல்லாம் ஒரே தடவை. பம்பைச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த மூன்று காதில் விழுந்துவிடும். எந்தப் பாடப்புத்தகமும் படிக்காமல் அனுபவத்தில் கற்றுக்கொண்ட முன்னுரிமைக் குறிமுறை அது.

போனில் இதைச் செய்ய நல்ல வழி, பேசாமல் எஸ்எம்எஸ் அனுப்புவது. காரணம் இருக்கிறது. 2ஜியில் குறுஞ்செய்தி குரலின் வழியில் போவதில்லை, டவரின் கட்டுப்பாட்டுச் செய்திகள் போகும் வழியில் போகிறது. அங்கே காவலில்லாத பிட் என்று ஒன்றே கிடையாது. 184 பிட் சரக்குக்கு 40 சோதனைப் பிட்டுகள், முடித்து வைக்க அதே 4, மேலே இரண்டாக்கும் குறிமுறை, ஆக அதே 456. குரலில் 260 உட்காரும் இடத்தில் இங்கே 184 மட்டும்தான். அதோடு, போய்ச் சேர்ந்தது என்று பதில் வரும்வரை திரும்ப அனுப்பும். 4ஜியிலும் இதே கதைதான், தொலைந்த குரல் பொட்டலத்தைச் சில முயற்சிகளோடு விட்டுவிடும், ஏனென்றால் தாமதமாக வந்த குரலால் பயனில்லை. குறுஞ்செய்தியை விடாது. மறுமுனையில் போன் அணைந்திருந்தால்கூட எஸ்எம்எஸ் நிலையம் வைத்திருந்து பிறகு கொடுக்கும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம். ஒற்றுப் புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி இடம் போகும் என்பதால் ‘மேல்மலையனூர்’ என்று எழுதினாலே 12 போய்விடும். ஊர்ப் பெயர் இருவருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு வாசலை எழுதலாம்.

இது திருவிழாவுக்கு மட்டுமான விஷயமல்ல. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் விழுப்புரம் மாவட்டம் மூழ்கியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்துபோன இடத்தில் எந்தக் குறிமுறையும் உதவாது. அதற்கு டீசலும் ஜெனரேட்டரும்தான் வேண்டும். ஆனால் எட்டத்து டவரின் சன்னமான சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு வந்துபோகிற இடங்களில், ‘எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா’ என்று தொடங்குகிற அழைப்பு அதற்குள்ளேயே அறுந்துவிடும். ‘மாடியில் நாலு பேர், அம்மாவுக்கு இன்சுலின் வேண்டும்’ என்ற எஸ்எம்எஸ் போய்ச் சேரும். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. பள்ளிக்கூடத்தில் தீயணைப்புப் பயிற்சி கொடுப்பது மாதிரி இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பேருந்து ஏறும் முன்பே, தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தை எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் போன் போடாதீர்கள். இடத்தை முதல் சொல்லாக வைத்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், ஐந்து நிமிடம் கழித்து அதையே திரும்ப அனுப்புங்கள். கட்டாயம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் ‘வடக்கு, வடக்கு வாசல், வடக்கு’ என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசுங்கள். பேசத் தெரியாத குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் எண்ணைத் தெளிவாக எழுதி, இரண்டு சீட்டாக, இரண்டு பையில் வையுங்கள்.